ஒரிஜினல் பம்ப்புன்னா என்ன? ஒரு மாடிஃபைடு காரும் ஒரு டயாலிசிஸ் நோயாளியும்

1/
காய்ச்சல், சர்க்கரை, பிரஷர்னு எழுதிட்டு இருக்கற டாக்டர் இன்னைக்கு ஏன் கார் பியூல் பம்ப் பத்தி எழுதறார்னு நினைப்பீங்க. காரணம் இருக்கு. கொஞ்சம் பெரிய இழை. பொறுமையா படிங்க. கார் இல்லாதவங்களுக்கும் இதுல விஷயம் இருக்கு.

2/
வல்லத்திராக்கோட்டையிலிருந்து என்னிடம் வரும் பெரியவர் ஒருத்தர். பல வருஷ சர்க்கரை நோய். இப்போ இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரம் இரண்டு முறை புதுக்கோட்டைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். முடிஞ்சு எழும்போது சில நாள் பிரஷர் இறங்கி கிறுகிறுன்னு வரும். பஸ்ல நின்னுட்டு வர முடியாது.

3/
அவரைக் கூட்டிட்டுப் போறது மகன். ஏழு வருஷம் சிங்கப்பூர்ல உழைச்சுட்டு ஊர் திரும்பின தம்பி. ஆசைப்பட்டு ஒரு பழைய 1.5 லிட்டர் பெட்ரோல் கார் வாங்கியிருக்கார். கோயமுத்தூர்ல ரேஸ் பைத்தியம் பிடிச்ச பசங்க கை வச்ச வண்டி. கேம் மாத்தி, சைலன்சர் மாத்தி, ரீமேப் பண்ணி, சுமார் 130 குதிரைத்திறன் வர வச்சிருக்காங்க. அந்த ஸ்போர்ட்ஸ் கார்தான் இப்போ அப்பாவுக்கு ஆம்புலன்ஸ்.

4/
போன மாசம் அப்பாவோட ரிசல்ட் காட்ட வந்த தம்பி, கிளம்பும்போது சொன்னார்:

"அண்ணே, ஊருக்குள்ள ஓட்டுனா வண்டி தங்கம். மெயின் ரோட்ல ஓவர்டேக் பண்ண மிதிச்சா மட்டும் விக்கல் எடுக்குது. டேங்க்ல பெட்ரோல் கம்மியா இருந்தா இன்னும் மோசம். நேத்து எதிர்ல லாரி வரும்போது இழுக்காம நின்னுருச்சு. அப்பா பின் சீட்ல படுத்திருந்தாரு."

5/
இதே வாக்கியத்தை நான் தினமும் கேக்கறேன், வேற வார்த்தையில. "சும்மா இருந்தா ஒண்ணுமில்ல டாக்டர், மாடி ஏறினா மட்டும் நெஞ்சைப் பிடிக்குது." படுக்க வச்சு ஈசிஜி எடுத்தா பல பேருக்கு நார்மலா இருக்கும். அதனாலதான் டிரெட்மில்ல ஓட விட்டுப் பாக்கறோம். உழைக்கும்போதுதான் குறை வெளியே வரும்.

6/
பியூல் பம்ப்பும் அப்படித்தான். இன்ஜெக்டர் வச்ச பெட்ரோல் வண்டிகள்ல அது டேங்குக்குள்ளயே, பெட்ரோல்ல மூழ்கி இருக்கும். பெட்ரோல்தான் அதுக்குக் குளிர்ச்சியும் கூட. பெட்ரோல் குறைஞ்சா பம்ப் சூடாகும். நலிஞ்ச பம்ப் அப்போ இன்னும் தடுமாறும்.

வண்டி சும்மா நிக்கும்போது மணிக்கு ஒரு லிட்டர் சுத்தி போதும். முழுசா மிதிச்சா பல மடங்கு வேணும். அப்போ கொடுக்க முடியலைன்னா பிரஷர் விழும்.

7/
பிரஷர் விழுந்தா என்ன ஆகும்? காத்து அதிகம், பெட்ரோல் கம்மி. இன்ஜினுக்குள்ள சூடு ஏறி, நாக்கிங் வந்து, பிஸ்டன் வரைக்கும் போகலாம்.

அதைவிட ஆபத்து, ஓடும்போது இன்ஜின் நின்னு போறது. ஸ்டீயரிங் கல்லாயிடும். பிரேக் பூஸ்டர்ல மிச்சம் இருக்கற வேக்குவம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். அப்புறம் பலம் முழுக்க உங்க கால்லதான்.

8/
அதனால தம்பிகிட்ட நான் சொன்ன முதல் விஷயம்: பம்ப் வாங்காதீங்க. முதல்ல டெஸ்ட். பரிசோதனை இல்லாம மாத்திரை எழுதறது எப்படியோ, அப்படித்தான் செக் பண்ணாம பார்ட் மாத்தறதும்.

நல்ல மெக்கானிக் பாக்க வேண்டியது:
- பியூல் ஃபில்டர் அடைச்சிருக்கா?
- ரிலே, வயர், எர்த் சரியா? பம்ப் ஓடும்போது அதன் முனையில எத்தனை வோல்ட் வருது?
- கேஜ் மாட்டி, வண்டி நிக்கும்போது எவ்வளவு பிரஷர், லோடுல எவ்வளவு?

வயர்ல வோல்ட் விழுந்தா புது பம்ப்பும் நோஞ்சானாத்தான் ஓடும். பெட்ரோல் விஷயம், நீங்களா வீட்ல பிரிச்சுப் பாக்க வேண்டாம்.

9/
ரிசல்ட் வந்துச்சு. வோல்ட் சரி. ஃபில்டர் புதுசு. நிக்கும்போது 3 பார். லோடுல சரசரன்னு இறங்குது.

டேங்கைத் திறந்தா உள்ள இருந்தது கம்பெனி பம்ப்பே இல்ல. முன்னாடி வச்சிருந்தவர் போட்ட 'ரேஸ் பம்ப்'. மேல ஒரு ஸ்டிக்கர், உடம்புல ஒரு எழுத்து கிடையாது. அதோட மாட்டின ரப்பர் ஹோஸ் ஊறிப் போய் கொழகொழன்னு இருந்துச்சு. பெட்ரோலுக்குள்ளயே மூழ்கி இருக்கறதுக்குன்னு தனி ரக ஹோஸ் உண்டு. வெளிய போடற சாதாரண பெட்ரோல் ஹோஸை டேங்குக்குள்ள போட்டா இதுதான் கதி.

10/
இப்போ தம்பி முன்னாடி இரண்டு வழி. ஆன்லைன்ல 1,900 ரூபாய்க்கு '255 லிட்டர் ரேஸ் பம்ப்'. கம்பெனி கவுன்டர்ல ஒன்பதாயிரத்துக்கு மேல, வண்டியோட சொந்த பம்ப்.

"அண்ணே, பெருசா போட்டா நல்லதுதானே? விலையும் கம்மி."

11/
முதல்ல டோஸ் பாப்போம். பெட்ரோல் இன்ஜினுக்கு மெக்கானிக்குகள் போடற தோராயக் கணக்குல, டர்போ இல்லாத 130 குதிரைத்திறனுக்கு முழு மிதியில மணிக்குச் சுமார் 40 லிட்டர் வேணும். அவர் வண்டியோட ஒரிஜினல் பம்ப் 3 பார்ல மணிக்கு 90 லிட்டர் தள்ளும். இரண்டு மடங்கு கையிருப்பு. 255ங்கிறது 400 குதிரைத்திறன் வண்டிக்கான டோஸ்.

ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணு சொல்றேன். ஓய்வா உக்காந்திருக்கும்போது உங்க இதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர், அதாவது மணிக்கு 300 லிட்டர் ரத்தம் தள்ளுது. ஒரு மனுஷனையே ஓட்டற அளவு பம்ப்பை 130 குதிரைக்கு எதுக்குப் போடணும்?

12/
அதிகம் போட்டா பக்கவிளைவு உண்டு. மிச்ச பெட்ரோல் டேங்குக்குத் திரும்பற வழி அந்த அளவைத் தாங்காம பிரஷர் ஏறலாம். கரன்ட் அதிகம் இழுத்து பழைய வயரைச் சூடாக்கும். பெட்ரோலும் சூடாகும்.

டர்போ மாட்டி உண்மையிலேயே பவர் ஏத்தின வண்டிக்குப் பெரிய பம்ப் தேவைதான். அதை ட்யூனர் கணக்குப் போட்டு எழுதித் தரணும். 'எல்லாரும் போடறாங்க'ங்கிறது பிரிஸ்கிரிப்ஷன் ஆகாது.

13/
அடுத்தது, அந்த 1,900 ரூபாய் பம்ப் யாரோடது? 255 லிட்டர்னாலே உலகம் முழுக்க பேர் போனது வால்ப்ரோ. அதனாலேயே அதிகம் காப்பி அடிக்கப்படற பம்ப்பும் அதுதான். பாக்க அச்சு அசலா இருக்கும். கையில தூக்கிப் பாத்தோ, பெட்டியைப் பாத்தோ கண்டுபிடிக்கலாம்னு நம்பாதீங்க.

14/
இங்கதான் தம்பி ஒரு நல்ல கேள்வி கேட்டார்.

"ஒரிஜினல் மட்டும் போகாதாண்ணே? கம்பெனிக்காரனே பம்ப் சரியில்லன்னு வண்டியத் திரும்பக் கூப்புடுறான்ல?"

உண்மை. ஒளிக்க வேண்டியதில்ல.

15/
2020 ஜூலையில் மாருதி 1,34,885 வேகன் ஆர், பெலினோ கார்களைப் பியூல் பம்ப்புக்காகவே திரும்ப அழைச்சது. 2021-ல் ஹோண்டா 77,954 கார்கள். 2024 நவம்பரில் மறுபடியும் 90,468 கார்கள்.

ஹோண்டா சொன்ன காரணம், பம்ப்புக்குள்ள சுத்தற இம்பெல்லர். உலகம் முழுக்க பல கம்பெனி வண்டிகள்ல வந்த இதே சிக்கல்ல, அந்த பிளாஸ்டிக் பெட்ரோலை உறிஞ்சி, உப்பி, உரசி நிக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. ஜப்பானில் 2023-ல் இப்படி விரைவுச் சாலையில நின்ன ஒரு சின்ன கார்மேல பின்னால வந்த வண்டி மோதி ஒருத்தர் இறந்தே போனார்.

16/
ஆனா அந்த 2024 அறிவிப்புல இன்னொரு எண்ணைக் கவனிங்க. 2,204. ஏற்கெனவே இந்த பம்ப்பை ஸ்பேர் பார்ட்டா மாத்திக்கிட்ட வண்டிகள். அதையும் சேர்த்துக் கூப்பிட்டாங்க. டீலர் கவுன்டர்ல தனியா பம்ப் வாங்கினவங்களும் வந்து காட்டுங்கன்னு சொன்னாங்க.

எந்த பம்ப், எந்த வண்டிக்குப் போச்சுன்னு எழுதி வச்சிருந்ததால இது முடிஞ்சது. 1,900 ரூபாய் பம்ப் கெட்டா யார் உங்களைக் கூப்பிடுவா?

17/
மருந்துலயும் இதேதான். 2025 அக்டோபர்ல மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தபோது, நம்ம தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கோல்ட்ரிஃப் இருமல் மருந்தோட எஸ்ஆர்-13ங்கிற பேட்சைச் சோதிச்சு, டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருக்குன்னு கண்டுபிடிச்சது. போன உயிர் திரும்பி வரல. ஆனா பேட்ச் எண்ணை வச்சுத்தான் எந்த பாட்டில்னு சொல்ல முடிஞ்சது.

2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விக்கற 300 மருந்து பிராண்டுகளுக்கு க்யூஆர் கோடு கட்டாயமானதும் இந்த மாதிரி கண்டுபிடிக்கறதுக்காகத்தான்.

18/
ஆக, என் கணக்குல ஒரிஜினல்னா 'கெடவே கெடாது'ன்னு அர்த்தம் இல்ல. செஞ்சவன் யார்னு தெரியும், கெட்டா உங்களைத் தேடி வர வழி இருக்குன்னு அர்த்தம். அந்த வழிக்குத்தான் கூடுதல் காசு.

19/
வாங்கும்போது பாக்க வேண்டியது, சேவ் பண்ணிக்கோங்க:

- 17 இலக்க சேஸிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட் நம்பர் கேளுங்க. பழைய நம்பர் மாறி புது நம்பர் வந்திருக்கலாம், கவுன்டர்ல சொல்வாங்க.
- பெட்டியில தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பேர், முகவரி, மாதம், வருடம், எம்ஆர்பி இருக்கணும். சட்டப்படி கட்டாயம்.
- பம்ப் உடம்புல பொறிச்ச எழுத்து பெட்டியோட ஒத்துப் போகுதா?
- பார்ட் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில். 'பில் வேணாம்னா கம்மி பண்றேன்'னா திரும்பி வந்துடுங்க.
- பங்க்ல இப்போ வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பம்ப், ஹோஸ், சீல் மூணும் அதுக்குத் தாங்குமான்னு கேளுங்க.
- உங்க வண்டிக்கு ரீகால் இருக்கான்னு கம்பெனி இணையதளத்துல சேஸிஸ் நம்பர் போட்டுப் பாருங்க. இருந்தா இலவசமாவே மாத்தித் தருவாங்க.

20/
கழட்டின பம்ப்பையும் காலிப் பெட்டியையும் அப்படியே பழைய இரும்புக்குப் போடாதீங்க. பெட்டியைக் கிழிங்க, பம்ப் வயரை வெட்டுங்க. நாங்க காலி மருந்துக் குப்பிகளை அப்படியே வெளிய விடாம இருக்கறதும் இதுக்காகத்தான். நல்ல பெட்டி கிடைச்சா அதுக்குள்ள டூப்ளிகேட் ஏறும்.

21/
தம்பி கம்பெனி பம்ப்பே வாங்கினார். ஹோஸும் சேர்த்து. மெக்கானிக்கை உக்கார வச்சு, கேஜோட ரோட்ல ஓட்டி, முழு மிதியிலயும் 3 பார் நிக்குதான்னு பாத்த பிறகுதான் அப்பாவை ஏத்தினார். இரண்டு வாரம், நான்கு டயாலிசிஸ், விக்கல் இல்ல.

டேங்க் கால்வாசிக்குக் கீழ இறங்க விடக் கூடாதுன்னும் சொல்லி வச்சிருக்கேன். இன்னொண்ணு, மாடிஃபை பண்ணின வண்டி வச்சிருக்கறவங்க ஆர்டிஓ அனுமதியும் இன்சூரன்ஸும் சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க. அனுமதி இல்லாத மாற்றம் மோட்டார் வாகனச் சட்டப்படி தப்பு.

22/
கடைசியா, டயாலிசிஸ் நோயாளி வீட்டுல இருக்கறவங்களுக்கு. வண்டி ரிப்பேர்னு ஒரு முறையைக்கூடத் தள்ளிப் போடாதீங்க. தவறினா ரத்தத்துல பொட்டாசியம் ஏறும், நுரையீரல்ல நீர் கோக்கும். பொட்டாசியம் ஏறினா இதயம் சொல்லாம நிக்கும். மாற்று வண்டிக்கு ஒரு போன் நம்பரை இன்னைக்கே எழுதி வைங்க. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு படபடன்னு அடிச்சாலோ, கை கால் தளர்ந்தாலோ யோசிக்காம 108.

கேள்வி இருந்தா கீழ கேளுங்க. மருந்து பத்தின்னா நான் சொல்றேன். வண்டி பத்தின்னா நம்ம மெக்கானிக் அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்றேன்.