ரிலே சொல்வதும் தண்டவாளம் சொல்வதும்

ரிலே ரூம் கதவுக்கு இரண்டு பூட்டுகள். ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம், இன்னொன்று சிக்னல் மெயின்டெய்னரிடம். இருவரும் வந்தால்தான் கதவு திறக்கும். திறந்த நேரத்தை உள்ளே இருக்கும் டேட்டா லாகர் பதிந்துகொள்ளும். எனக்குக் கிடைத்த அனுமதி வாசல்வரைதான்.

சர்வர்களின் பதிவுகளைப் படித்துக் கோளாறு தேடுவது என் பிழைப்பு. அதே வேலையை ரயில்வேயில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க ஆசை. விழுப்புரம் சந்திப்பிலிருந்து சென்னை, திருச்சி, கடலூர், காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து திசைகளில் தடம் பிரிகிறது. அதற்கும் திண்டிவனத்துக்கும் நடுவே மயிலம், பேரணி, விக்கிரவாண்டி என்று சிறு நிலையங்கள். அப்படி ஒரு நிலையத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

டேட்டா லாகர் எதையும் இயக்காது. வேடிக்கை மட்டும் பார்க்கும். சிக்னல், தடம் மாற்றும் பாயிண்ட், டிராக் ஒவ்வொன்றுக்கும் உரிய ரிலேயில், அதாவது மின்காந்த சுவிட்சில், மிச்சமிருக்கும் ஒரு காண்டாக்டிலிருந்து அதற்கு வயர் போகிறது. 16 மில்லி செகண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்து, எது மாறியதோ அதை நேரத்தோடு எழுதிவைக்கும். ஓடும் நிரலை நிறுத்தாமல் அதன் ஒவ்வொரு அழைப்பையும் எட்டிப் பார்க்க லினக்ஸில் நாங்கள் வைத்திருக்கும் கருவிகளும் இந்த ஜாதிதான். ஆனால் அவை பார்க்கப்படும் நிரலைக் கொஞ்சம் மந்தமாக்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை.

"நிரந்தரமா ஃபெயிலாகுறது சுலபம் சார். வந்து வந்து போறதுதான் உயிரை வாங்கும்," என்றார் மெயின்டெய்னர். ஐம்பதைத் தாண்டியவர், சட்டைப்பையில் டெஸ்டர், கையில் மல்டிமீட்டர்.

டிராக் சர்க்யூட்டில் தண்டவாளமே வயர். குறைந்த அழுத்த மின்சாரம் அதன் வழியாகப் போய் ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும். வண்டி வந்தால் சக்கரமும் அச்சும் குறுக்கே இணைத்துவிட, ரிலே டிராப் ஆகும், சிக்னல் சிவப்பாகும். கம்பி அறுந்தாலும் சிவப்புதான். "மழையில ஜல்லி நனைஞ்சா கரண்ட் கசியும். ரிலே டிராப். வண்டியே இல்லாத இடத்துக்காக வண்டி நிக்கும்."

முன்பு வேறொரு நிலையத்தில் ஒரு டிராக் அரை விநாடிக்கும் குறைவாக டிராப் ஆகி, தானே பிக்கப் ஆகிக்கொண்டிருந்ததாம். ஆள் போய் மீட்டர் வைக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். லாகர் பதிவை வரிவரியாகப் பார்த்ததில் ஒன்று புலப்பட்டது: ஒவ்வொரு தடவையும் பக்கத்து லைனில் வண்டி போன நேரம். அதிர்வு! நேரே போய், தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் பாண்ட் வயர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்திருக்கிறார். தண்டவாளத்துக்குள் நுழையும் துளையில் ஒன்று துருப்பிடித்து, ஒட்டியும் ஒட்டாமலும் இருந்திருக்கிறது. இரண்டு சம்பந்தமில்லாத வரிகளை இப்படிச் சேர்த்துப் படிக்கும் கண்ணை எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் பார்த்ததில்லை.

நிலையங்கள் இரண்டானால் சிக்கல் வேறு. விழுப்புரம் திருச்சிக் கோட்டம். திண்டிவனம் சென்னைக் கோட்டம். பதிவுகள் அவரவர் தலைமையிடத்துக்குப் போகின்றன. இரண்டு கடிகாரமும் சில விநாடி விலகியிருந்தால் எது முன், எது பின்?

"அண்ணே, அப்போ என்ன பண்ணுவீங்க?"

"நேரத்தை நம்ப மாட்டோம் சார். முன்னால இருக்கிற ஸ்டேஷன் 'வண்டியை அனுப்பலாம்'னு லைன் கிளியர் குடுக்காம இங்க கடைசி சிக்னல் விழாது. அதனால அதுதான் முதல்ல."

லெஸ்லி லாம்போர்ட் 1978இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரமே இதுதான்: கடிகாரத்தை விடு, எது எதற்குக் காரணம் என்று பார். கூகுள் 2010இல் விவரித்த டாப்பர் முறையில், கோரிக்கையின் தலையில் ஓர் எண்ணை ஒட்டி, அது போகும் சர்வரெல்லாம் பின்தொடர்கிறார்கள். டிராக் ரிலேக்கு அந்த வசதி இல்லை. மேலே நிற்பது எந்த வண்டி என்று அதற்குத் தெரியாது. அடுத்தடுத்து டிராப் ஆகும் வரிசையிலிருந்துதான் ஊகிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. லாகர் பார்ப்பது ரிலேயை, தண்டவாளத்தை அல்ல. 2023 ஜூன் 2 அன்று பாலசோர் அருகே பாஹாநகா பஜாரில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைன் சிக்னல் பச்சை. பாயிண்ட் மட்டும் பக்கத்துத் தடமான லூப் லைன் பக்கம். 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிக்னல் சர்க்யூட் மாற்றத்திலும், லெவல் கிராசிங் தடுப்பை மாற்றும் வேலையிலும் நேர்ந்த தவறுகளை விசாரணை சுட்டியது. தப்பான வயரிலும் ரிலே பிக்கப் ஆகும். லாகரும் 'சரி' என்றே எழுதும். 2024 அக்டோபர் 11 அன்று நம் கவரைப்பேட்டையிலும் சிக்னல் மெயின் லைனுக்கு, வண்டி போனது லூப் லைனுக்கு. நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது.

அதனால்தான் வயரைத் தொட்ட எந்த வேலைக்குப் பிறகும் பதிவை மட்டும் பார்த்து ஒப்புக்கொள்வதில்லை. பேனலில் ஒருவர் பாயிண்டை நார்மல், ரிவர்ஸ் என்று இரு நிலைகளுக்கும் இயக்க, தடத்தில் நிற்பவர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். நாக்குத் தண்டவாளத்துக்கும் அது ஒட்டும் தண்டவாளத்துக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் தகட்டைச் செருகினால் பாயிண்ட் பூட்டிக்கொள்ளக் கூடாது. பூட்டிக்கொண்டால் அதுவே கோளாறு. மெயின்டெய்னர் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. காதில் வைத்தபடி தடத்தோரமாக நடந்தார். "நார்மல்ல இருக்கு... இப்ப ரிவர்ஸ் போடுங்க சார்... ஆங், வந்துடுச்சு, ரிவர்ஸ். உங்களுக்கு என்ன காட்டுது?"