குழி மிஞ்சிய ஊர்

சித்தப்பாவுக்கு ரயிலைக் கண்டால் ஆகாது. சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் நடுவே 1891இலிருந்து ஓடிய பாதை அது. இரவில் காற்று எங்கள் பக்கம் திரும்பினால் அதன் ஊதல் கோலா சாவா ரப்பர் தோட்டத்து லயங்கள் வரைக்கும் கேட்கும். கேட்டதும் வாசல் திண்ணையில் படுத்திருப்பவர், "போறான் பாரு, எண்ணெயக் குடிச்சிட்டு" என்பார். அந்த வசவுக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது.

அவர் பத்து ஆராங்கில் கரி வெட்டியவர். சிலாங்கூரில் இருக்கும் அந்த ஊரில் 1908 வாக்கில் நிலக்கரி கண்டுபிடித்தார்கள். ஜே. ஏ. ரஸ்ஸல் என்ற துரை முன்னின்று மலாயன் கொலியரிஸ் கம்பெனியைத் தொடங்க, 1915இல் கரி வெளியே வர ஆரம்பித்தது. ரயில் அந்தக் கரியைத் தின்றது. லம்பம் என்று நாங்கள் சொல்லும் ஈயச் சுரங்கங்களும் கோலாலம்பூரின் மின்சார நிலையமும் தின்றன. ஜப்பான்காரன் வந்தபோதும் அவனுக்கு அது தேவைப்பட்டது. சண்டை முடிந்த பிறகு ரயில்வே எண்ணெய்க்கும் டீசலுக்கும் மாறியது. 1960இல் சுரங்கத்தை மூடினார்கள். சித்தப்பா ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் தோட்டத்துக்கு வந்து இறங்கினார்.

பால் மரம் வெட்ட அவருக்குக் கை வரவில்லை. பட்டையைத் தாள்போலச் சீவ வேண்டும். உளி கொஞ்சம் உள்ளே போய் மரத்தைத் தொட்டால் காயம், அப்புறம் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். பாறையோடு மல்லுக்கட்டிய கை, சீவச் சொன்னால் பிளந்தது. அவர் நிரையைப் பார்க்க வந்த கங்காணி தலையில் கைவைத்துக்கொண்டு நின்றதை அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நெற்றி விளக்கு ஒன்றுதான் சித்தப்பாவுக்குப் பழகிய சாமான். ஆனாலும் விடியுமுன் இருட்டில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிற வரிசையில் அவர் மட்டும் விளக்கை மாட்டாமலே நடப்பார். எரியாத விளக்குக்கு எதற்குப் பாரம் என்பார், மரத்தடிக்குப் போன பிறகு மாட்டினால் போதாதா என்பார். கடைசியில் அவரை ஸ்டோரில் போட்டார்கள். புகைக்கூண்டில் விறகு தள்ளும் வேலை. நெருப்பும் புகையும் கிடைத்த பிறகு மனுஷன் அமைதியானார்.

பத்து ஆராங்கைப் பற்றி அவர் சொன்னதில் பாதியை நாங்கள் நம்பவில்லை. வெட்டி வெளியே குவித்து வைத்த கரி தானாகவே பற்றிக்கொள்ளும் என்பார். உண்மைதான், வயது குறைந்த கரி, காற்றுப் பட்டால் சூடேறித் தீப்பிடிக்கும் சாதி. 1937 மார்ச்சில் கூலிக்காரர்கள் சுரங்கத்தையே தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள் என்பார். அதுவும் நடந்ததுதான். முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் சீனர்கள். போலீஸ் வந்து அடக்கியது. அதே மாதங்களில் சிலாங்கூர், நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் பரவியது. சித்தப்பா அப்போது சிறுபையன். பெரியவர்கள் சொன்னதைத் தான் பார்த்ததுபோலவே சொல்வார். சொல்லட்டுமே. தோட்டத்தில் எங்களுக்குச் சரித்திரம் சொல்ல வேறு யார் இருந்தார்கள்?

இப்போது என் பேத்திக்குப் பத்து ஆராங் ஒரு சைக்கிள் ஊர். விடுமுறைக் காலையில் கூட்டாளிகளோடு காட்டுப்பாதையில் மிதிக்கப் போகிறாள். ஒருமுறை என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். திறந்தவெளியில் தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து ஏரிகளாகக் கிடக்கின்றன. கரையில் தூண்டில் போட்டுக்கொண்டு ஆட்கள். செங்கல் சூளையின் புகைபோக்கி மரங்களுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. இடிந்த சுவர்கள், சுரங்க வாய்கள், வேர் பின்னிய கான்கிரீட். கீழே பழைய சுரங்க வழிகள் ஓடுவதால் மண் அமுங்கும் என்ற பயம். அதனால் நினைத்த இடத்தில் கட்டிடம் எழுப்ப முடியாது. நிலப்பூங்கா என்று சொல்லி மண்ணடுக்கைப் பார்க்கவும் ஆட்கள் வருகிறார்கள். நான் கரையில் உட்கார்ந்து சித்தப்பாவின் லயம் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று தேடினேன். கரியின் வயதைச் சொல்ல ஆள் உண்டு. வெட்டியவனின் வீட்டுக்கு அடையாளம் காட்ட ஆள் இல்லை.

ஆனாலும் எனக்கு அந்த ஊர்மேல் ஒரு பொறாமை. கரி எடுத்த இடத்தில் குழியாவது மிஞ்சுகிறது, குழியைச் சுற்றி நடக்கலாம். ரப்பர் அப்படியா? மரத்தை வெட்டித் தள்ளிச் செம்பனை நட்டால் நிலம் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. தைப்பிங் ஏரிப்பூங்கா ஈய லம்பம்தான் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். 1880இலேயே அதைப் பூங்காவாக்கிவிட்டார்கள். சிரம்பான் பக்கம் ரப்பர் தோட்டங்களின்மேல் எழுந்த வீடமைப்புகளில் குடியிருப்பவர்களிடம், உங்கள் வரவேற்பறை எத்தனையாவது நிரையில் இருக்கிறது என்று கேட்டால் நம்மைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

தாத்தா தென்னார்க்காட்டிலிருந்து வந்தவர். அவர் கப்பலேறிய பிறகு, 1930களில், அந்தச் சீமையில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பு மண் வந்தது என்றும், அதுதான் நெய்வேலி ஆயிற்று என்றும் பின்னாளில் செய்தித்தாளில் படித்தோம். 1956இல் அங்கே நிறுவனம் எழுந்தது. நிலத்தைக் கொடுத்துவிட்டு ஊர்கள் எழுந்துபோயின. இப்போது தோண்டி எறிந்த மண்மேடுகளில் மரம் வளர்க்கிறார்கள். சித்தப்பாவிடம் அன்று சொன்னேன். "அங்கயே இருந்திருந்தா அங்கயும் கரிதானா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தார்.

பத்து ஆராங் போய்வந்த சூட்டில் பேத்தி கோலா சாவாவுக்கும் சைக்கிளைக் கொண்டுவந்தாள். நானும் மச்சானின் மோட்டார்சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். செம்பனைக்குள் சடக்குகள் எல்லாம் நேர்கோடு. ஒவ்வொரு பகுதிக்கும் எண் பலகை. அவள் கைப்பேசி வரைபடத்தில் அந்த இடம் முழுக்கப் பேரில்லாத பச்சை.

"தாத்தா, நானே பேர் போட்டுக்கலாம். எங்க என்ன இருந்துச்சு, சொல்லுங்க."

பெரட்டுக்களம், ஸ்டோர், ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில், தண்ணீர்த் தொட்டி என்று சொல்லச் சொல்ல அவள் புள்ளி வைத்தாள். ஆயாக் கொட்டகைக்கு வந்ததும் மச்சான் குறுக்கே விழுந்தார். அது தொட்டிக்கு மேற்கே இல்லை, கிழக்கே என்றார். நான் அங்கேதான் ஏணையில் தூங்கினேன், எனக்குத் தெரியாதா என்றேன். தூங்கினவனுக்குத் திசை எப்படித் தெரியும் என்றார். தங்கைக்குப் போன் போட்டோம். அவள் கொட்டகை இரண்டு என்கிறாள்.