நடுவாந்தரம்

முதலில் வருபவருக்கு ஒரு புள்ளி. இரண்டாவதாக வருபவருக்கு இரண்டு. நாற்பதாவதாக வந்தால் நாற்பது. எல்லாப் பந்தயங்களும் முடிந்தபின் யாரிடம் குறைவான புள்ளி இருக்கிறதோ அவருக்குத் தங்கம். இன்னொரு விதியும் உண்டு. ஓட்டிய பந்தயங்களில் ஆக மோசமான ஒன்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஒருமுறை சொதப்பலாம், மன்னிப்பு உண்டு. இரண்டாவது சொதப்பலுக்குக் கிடையாது. பாய்மரப் படகுப் பந்தயத்தில் எனக்கு முதலில் பிடித்துப்போனது இந்தக் கணக்குதான்.

எனக்கு நீச்சல் தெரியாது. பாய்மரப் படகில் ஏறியதும் இல்லை. மயிலாப்பூரில் எங்கள் வீட்டிலிருந்து சாந்தோம் கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் அங்கே கண்ணில் படுவதெல்லாம் நொச்சிக்குப்பத்து ஃபைபர் போட்டுகள், அதுவும் மோட்டார் வைத்தவை. பந்தயப் பாய்கள் விரிவது துறைமுகத்துப் பக்கம். 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் அங்கேதான் இருக்கிறது. துறைமுகத்துக்குள் நானும் நீங்களும் சும்மா காற்று வாங்கப் போய்விட முடியாது. அதனால் என் ஊரிலேயே இப்படி ஒரு விளையாட்டு நடப்பது எனக்குத் தெரிய ஓமனிலிருந்து செய்தி வர வேண்டியிருந்தது.

2021 ஏப்ரல். ஓமனின் முசன்னாவில் நடந்த தகுதிப் போட்டியில் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண் ஆனார். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணனும், சென்னையின் கணபதி – வருண் தக்கர் ஜோடியும் அங்கேயே தகுதி பெற்றார்கள். ஒரே ஒலிம்பிக்கில் மூன்று பாய்மரப் போட்டிகளில் இந்தியர்கள் இறங்கியது அதுவே முதல்முறை. டோக்கியோ ஒலிம்பிக்கின்போது என்னோசிமா கடலில் நேத்ராவின் பிரிவில் மொத்தம் 44 படகுகள். அவருக்கு 35ஆவது இடம்.

அதோடு விட்டிருக்கலாம். பதக்கம் இல்லாத விளையாட்டை நாம் வழக்கமாக அப்படித்தான் விட்டுவிடுகிறோம். நான் மட்டும் முடிவுப் பட்டியல்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நேத்ரா ஓட்டுவது நாலேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைவான படகு. ஒரே பாய், ஒரே ஆள். எல்லோருக்கும் ஒரே மாதிரிப் படகு, ஒரே அளவுப் பாய். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், மற்ற வேரியபிள் எல்லாவற்றையும் நிலையாக வைத்தாயிற்று. மிச்சம் இருப்பது காற்றும் மனுஷியும்தான்.

காற்றை நேராக எதிர்த்துப் பாய்மரம் போகாது. இடமும் வலமுமாகக் கோணல் போட்டுத்தான் ஏற வேண்டும். இடப்பக்கம் போவதா, வலப்பக்கம் போவதா என்பதில்தான் பாதி ஆட்டம். காற்று கொஞ்சம் திசை மாறினால் ஒரு பக்கம் போனவர்கள் எல்லோருக்கும் லாபம், மறுபக்கம் போனவர்கள் எல்லோருக்கும் நஷ்டம். இதைவிட முக்கியமான ஒன்றைத் தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. முன்னால் போகும் ஒவ்வொரு பாயும் தனக்குப் பின்னால் காற்றைக் கலைத்துவிட்டுப் போகிறது. முதலில் இருப்பவருக்குச் சுத்தமான காற்று. பின்னால் வருபவர்களுக்கு இருபது பாய்கள் கலைத்துப்போட்ட மிச்சக் காற்று. அதாவது முன்னால் இருப்பதே முன்னால் இருப்பதற்கு உதவுகிறது. நடுவில் மாட்டியவர் ஒரு இடம் முன்னேறுவதற்கே கலைந்த காற்றுக்குள் தனக்கென்று ஒரு சந்து தேட வேண்டும்.

இதைப் படித்த அன்று வேறு வேலை ஓடவில்லை. வருஷா வருஷம் அப்ரைசலில் ‘எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்கிறார்’ என்ற வரியை வாங்கிக்கொண்டு வெளியே வரும் ஆள் நான். நடுவில் இருப்பது முயற்சி போதாததால் என்றுதான் வீட்டிலும் காலேஜிலும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

பாரிஸ் ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் மார்சேயில் நடந்தன. அங்கே நண்பகல் என்றால் இங்கே மூன்றரை. 2024 ஆகஸ்ட் 1, நேத்ராவின் முதல் பந்தயம். 43 படகுகளில் ஆறாவது! ஆபீஸில் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். அடுத்த நாட்களில் எண்கள் ஏறின, இறங்கின. காற்றுக்காகக் காத்திருப்பதே தனி வேதனை. காற்று வராமல் பதக்கப் பந்தயமே ஒரு நாள் தள்ளிப்போனது. ஒன்பது பந்தயங்கள் முடிந்தபோது நேத்ராவுக்கு 21ஆவது இடம். மூன்று வருஷத்தில் பதினான்கு இடம் முன்னேற்றம். தங்கம் நெதர்லாந்தின் மரிட் பாவ்மீஸ்டருக்கு.

கூடத்தில் அப்பா பேப்பரை மடித்துக்கொண்டே கேட்டார்.

“எத்தனாவது?”

“இருபத்தொண்ணு.”

“எத்தனை பேர்ல?”

“நாப்பத்தி மூணு.”

“நடுவாந்தரம்.”

என் ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் அவர் சொல்லும் அதே வார்த்தை. கோபமெல்லாம் இல்லை, வெயில் அடிக்கிறது என்பது போலச் சொல்வார். நான் ரெண்டு துண்டுக் காகிதத்தை மடித்துப் பாயாக நிறுத்தி, ஃபேன் காற்றில் வைத்து, முன்னால் இருப்பது பின்னால் இருப்பதன் காற்றை எப்படிக் கெடுக்கிறது என்று காட்டினேன். பின்னால் வைத்த காகிதம் தள்ளாடி நின்றது. அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ மத்தவங்க கெடுத்த காத்துலயே இருபத்தொண்ணா?”

“பாதி நேரம் அப்படித்தான்ப்பா.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டைப் பற்றியும் பேச்செழவில்லை. மறுநாள் மூன்றரை மணிக்கு ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “அந்தப் பொண்ணுக்கு இன்னிக்கு இருக்கா?” என்றார்.

“முடிஞ்சுதுப்பா. பதக்கப் பந்தயத்துல முதல் பத்து பேருக்குத்தான் இடம்.”

“மத்தவங்க?”

“ஊருக்குப் போவாங்க. திரும்பவும் பிராக்டிஸ் பண்ணுவாங்க.”

“அடுத்தது எப்போ?”

“2028. லாஸ் ஏஞ்சலஸ். அங்க மத்தியானம்னா நமக்கு நடுராத்திரி. யார் போவாங்கன்னு இப்பவே சொல்ல முடியாது.”

“யார் போனா என்ன,” என்றார் அப்பா. “என்னை எழுப்பு.”