‘எங்கே தொலைந்தீர்கள்?’ – அவுஸ்திரேலியாவின் அழைப்பு

ஒரு நாட்டைக் காணப் புறப்படும் பிரயாணி, அந்நாட்டுக் கரையை மிதிக்கு முன்னரே அதன் குரலைக் கேட்டுவிடுகிறான். அது விளம்பரத்தின் குரல். பெரும்பாலான நாடுகள் அவ்வேளையில் தங்கள் பேச்சைக் குளிப்பாட்டி, பட்டுடுத்தி, பொட்டிட்டே அனுப்புகின்றன. ‘எழில்’, ‘சொர்க்கம்’, ‘மறக்கவொண்ணா அநுபவம்’ என்னும் சொற்களே எங்கும் ஒலிக்கும். அவுஸ்திரேலியாவோ வேறொரு வழியைத் தேர்ந்தது. வீட்டு முற்றத்திலும் ஆட்டுப் பண்ணையிலும் வழங்கும் பேச்சையே அது உலகின் முன் நிறுத்தியது. அதனால் அந்நாடு பெற்ற பயனும் பட்ட பாடும் மொழி பயிலும் எவருக்கும் சிந்தனைக்குரியன.

1984 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் போல் ஹோகன் என்னும் நகைச்சுவை நடிகர் தோன்றினார். நடிப்புத் துறைக்கு வருமுன் சிட்னித் துறைமுகப் பாலத்தில் தொழிலாளியாக இருந்தவர் அவர். ‘வாருங்கள், உங்களுக்காக இன்னுமோர் இறாலைப் பார்பியில் போட்டு வைக்கிறேன்’ என்பதே அவர் விடுத்த அழைப்பு. திறந்த வெளியில் இறைச்சியும் மீனும் வாட்டும் அடுப்புக்கு அந்நாட்டார் இட்ட செல்லப் பெயர் ‘பார்பி’. சொற்களைக் குறுக்கிச் செல்லமாக்குவது அவர்களுடைய வழக்கம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இறாலை அவுஸ்திரேலியர் ‘பிரோன்’ என்பர். ஹோகன் சொன்னதோ அமெரிக்கர் வழங்கும் ‘சிரிம்ப்’ என்னும் சொல். முழுக்க முழுக்க ஊர்ப் பேச்சாகத் தோன்றிய அந்த வாக்கியத்திலும், விருந்தினருக்காக ஒரு சொல் மாற்றப்பட்டிருந்தது. அடுப்பு எங்களது, இறால் உங்களது என்பதுபோல அமைந்த அந்த அழைப்பு அமெரிக்கரைக் கவர்ந்தது.

2006 இல் அந்நாட்டு உல்லாசப் பிரயாணத் துறை மேலும் ஓரடி துணிந்து வைத்தது. 18 கோடி அவுஸ்திரேலிய டொலர் செலவில் நடந்த அப்பிரசாரத்தின் விளம்பரப் படத்தைப் பார்ப்பதே ஒரு சிறு யாத்திரை. உள்நாட்டு மதுக்கடை ஒன்றிலே தொடங்குகிறோம். ‘உங்களுக்குப் பியர் ஊற்றி வைத்தாயிற்று’ என்கிறார் ஒருவர். ‘ஒட்டகங்களைக் குளிப்பாட்டியாயிற்று’ என்கிறது இன்னொரு குரல். அவ்வொட்டகங்களும் வந்தேறிகளே, 19 ஆம் நூற்றாண்டில் வறண்ட நிலத்தைக் கடப்பதற்கென இந்தியா முதலிய நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்தவை. ‘குளத்திலிருந்து சுறாக்களை அகற்றியாயிற்று’ என்கிறார்கள் அடுத்து. ஆதிக்குடி நடனக் கலைஞரோ, தாம் 40,000 ஆண்டுகளுக்கு மேலாக ஒத்திகை பார்த்து வருவதாகக் கூறுகின்றனர். இறுதியில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துப் பிங்கல் மணற்கரையில் நின்று ஓர் இளம்பெண் கேட்கிறாள்: ‘பாழாய்ப் போக, நீங்கள் எங்கேதான் தொலைந்தீர்கள்?’

அவளது கேள்வியில் இரண்டு வசைச்சொற்கள் இருந்தன. ஒன்று ‘ஹெல்’, அதாவது நரகம், மற்றையது ‘பிளடி’. பின்னையதற்கு அந்த மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. 1847 இல் வெளியான பிரயாண நூலொன்றில் அலெக்சாந்தர் மார்ஜரிபாங்ஸ் என்பவர் ஒரு செய்தி கூறுகிறார். மாட்டு வண்டிக்காரன் ஒருவன் கால் மணி நேரத்தில் அச்சொல்லை 27 தடவை சொல்லக் கேட்ட அவர், இந்த வீதத்தில் 50 ஆண்டுகளில் அவன் அதனை 1 கோடியே 80 இலட்சத்துக்கும் அதிகமான தடவை சொல்லிவிடுவான் என்று கணக்கிட்டார்! ‘மாபெரும் அவுஸ்திரேலியப் பெயரடை’ என்ற பட்டமும் பிற்காலத்தில் அதற்குக் கிடைத்தது. அச்சொல் பிறந்த இங்கிலாந்திலோ நிலைமை வேறு. 1914 இல் பேர்னாட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தில் ஒரு பாத்திரம் அதனை உச்சரித்தபோது இலண்டன் மாநகரே பரபரப்படைந்தது.

ஆகவே, 2006 இல் அச்சொல் தாய்வீட்டுக்குத் திரும்பியபோது வாசற்கதவு அடைபட்டிருந்ததில் வியப்பில்லை. பிரித்தானியத் தொலைக்காட்சி விளம்பரங்களைப் பரிசீலிக்கும் அமைப்பு அவ்விளம்பரத்தைத் தடுத்தது. அவுஸ்திரேலிய அமைச்சர் பிரான் பெய்லி இலண்டன் சென்று பேசிய பின்னரே தடை தளர்ந்தது. மறு ஆண்டில், தெருவோர விளம்பரப் பலகைகளிலிருந்து அச்சொல்லை நீக்குமாறு உத்தரவு பிறந்தது. கனடாவில் ‘நரகம்’ என்ற சொல்லும், மதுவோடு தொடங்கும் காட்சியும் ஆட்சேபிக்கப்பட்டன. சிங்கப்பூரில் வசைச்சொற்கள் களையப்பட்டன. யப்பானில் அக்கேள்வி, ‘ஏன் வரவில்லை?’ என்னும் பொருள்பட மென்மையாயிற்று. 2008 இல் அப்பிரசாரம் கைவிடப்பட்டது. பிரதமர் கெவின் ரட் அதனைப் படுதோல்வி என்றே வருணித்தார்.

அச்சொல் இழிவானது என்பதுதானா இதற்குக் காரணம்? அவ்வளவு எளிதாக முடிவு கட்டிவிட முடியாது. நம் யாழ்ப்பாணத்துப் பாட்டி, நெடுநாள் முகங்காட்டாத பேரன் படலையைத் திறந்து வரக் கண்டால், ‘கோதாரி விழுவான், எங்கேயடா துலைஞ்சு போனாய்?’ என்றுதான் கேட்பாள். கொள்ளைநோயையே பெயராகக் கொண்ட வசை அது. ஆயினும் மறுகணமே அவனுக்குப் பிட்டு அவிக்க அடுப்பை மூட்டுவாள். பேரன் கேட்டது சொல்லையன்று. பாட்டியின் குரலையும் முகத்தையுமே. அதே சொற்களைத் தாளில் எழுதி அயலூரான் ஒருவனுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? முகம் வீட்டில் தங்கிவிடும். வசை மட்டுமே போய்ச் சேரும். முகம் திரிந்து நோக்கினாலே விருந்தினர் வாடிவிடுவர் என்றார் வள்ளுவர். படத்தில் இளம்பெண்ணின் புன்னகை இருந்தது. தெருவோரப் பலகையைக் கடந்து செல்பவன் கண்ணிலோ எழுத்தே முதலில் பட்டது.

வீட்டுக்குள் அச்சொல் ஆற்றிய நற்பணியையும் சொல்லவேண்டும். 1989 இல் விக்டோரியா மாநிலத்தின் போக்குவரத்து விபத்து ஆணைக்குழு, குடித்துவிட்டு வாகனம் ஓட்டுபவன் ‘பிளடி’ முட்டாள் என்று விளம்பரம் செய்தது. அவ்வாண்டில் அம்மாநில வீதிகளில் இறந்தோர் 776 பேர். மறு ஆண்டில் 548 பேர். மூச்சுப் பரிசோதனையும் வேகக் கண்காணிப்பும் இதிற் பெரும்பங்கு வகித்தன. ஆனாலும், அதிகாரியின் அறிவுரையாக அன்றி நண்பனின் ஏச்சாக ஒலித்த அந்த வாசகம் மக்கள் மனத்திற் பதிந்தது. அங்கே சொல்பவனும் கேட்பவனும் ஒரே வீட்டார்.

வீட்டார் அதே ஏச்சைத் தலைவன்மீதும் திருப்புவர். 2006 இல் பிரயாணத் துறையின் தலைமை நிர்வாகியாக இருந்த ஸ்கொட் மொரிசன், 2018 இல் நாட்டின் பிரதமரானார். 2019 டிசம்பரில் காடுகள் பற்றியெரிந்துகொண்டிருக்க, அவர் ஹவாய்த் தீவில் குடும்பத்தோடு ஓய்விலிருந்தார். ‘பாழாய்ப் போக, நீங்கள் எங்கே?’ என்று மக்கள் அதே கேள்வியை அவரிடமே கேட்டனர். அம்முறை அதில் விளையாட்டில்லை. புகையில் மூச்சுத் திணறியோரின் கோபமே இருந்தது.

2022 இல் அந்நாடு மீண்டும் ஊர்ச் சொல் ஒன்றைக் கையிலெடுத்தது. வசையன்று, வணக்கம். ‘நல்ல நாள்’ என்னும் வாழ்த்தைக் குறுக்கிய ‘கிடே’ என்ற சொல் அது. அதனைச் சொல்ல வாருங்கள் என்று ரூபி என்னும் கங்காரு உலகை அழைத்தது.

கங்காரு என்ற அப்பெயரின் வரலாற்றையும் மாணவர்கள் அறிதல் நன்று. 1770 இல் கப்டன் குக்கின் கப்பல் இன்றைய குக்டவுனில் செப்பனிடப்பட்டபோது, அவ்விடத்துக் கூகு இமிதிர் மக்களிடம் கேட்டு எழுதிக்கொண்ட சொல் அது. ஐரோப்பியர் குடியேறிய காலத்தில் அக்கண்டத்தில் 250 க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கின. அவற்றுட் பல இன்று பேசுவாரின்றி மறைந்தன. தன் நாட்டுக்கே உரிய சொல்லைத் தேடி அவுஸ்திரேலியா கடன்பட்ட வசைக்காகக் கோடிக்கணக்கில் செலவிட்டது. உலகின் குழந்தைகள் எல்லாம் அறிந்த சொல்லோ, அந்த மண்ணின் மூத்த குடியினர் விருந்தினருக்கு விலையின்றி வழங்கியது. விருந்தினரை அழைக்க வேண்டிய குரல் எது என்பதை அந்நாடு அங்கிருந்தே கற்றிருக்கலாம்.