லண்டனுக்கு உப்புக்கண்டம்

காரைக்குடியிலிருந்து லண்டனுக்கு மகனைப் பார்க்கப் போகும் ஆச்சிமார்களே, பெட்டியில் உப்புக்கண்டம், பால்கோவா, நெய் வேண்டாம். இந்தியாவிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகத் தடை. ஹீத்ரோவில் பார்த்தால் குப்பைக்குத்தான் போகும். அவனுக்கு அதுதான் உசுர்னு தெரியும். மிளகாய்ப்பொடி மட்டும் எடுத்துப்போய், ஆட்டுக்கறியை அங்கேயே வாங்கி வறுத்துக் கொடுங்கள். கைமுறுக்குக்குத் தடையில்லை.

பாதாள ரயிலுக்கு டிக்கெட் வரிசை வேண்டாம். கான்டாக்ட்லெஸ் கார்டைத் தட்டினால் கதவு திறக்கும். ஆனால், தலைக்கு ஒரு கார்டு. (செட்டியாருக்கும் சேர்த்து ஒன்று என்ற சிக்கனம் செல்லாது!) வெளியே வரும்போதும் அதே கார்டைத் தட்டணும். மறந்தால் அதிகபட்சக் கட்டணம் பிடுங்கிவிடுவார்கள். எஸ்கலேட்டரில் வலப்பக்கமாக நில்லுங்கள், இடப்பக்கம் ஓடுகிறவர்களுக்கு.

பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கட்டணமில்லை. அங்கிருந்து பொடிநடையாக ரஸ்ஸல் சதுக்கம் வந்தால், சோயாஸ் கல்லூரி வளாகத்தில் நம்ம திருவள்ளுவர் சிலையாக இருக்கிறார். அவரைப் பார்க்கவும் காசு கேட்பதில்லை.