கணப்பும் வளவும்

கடலோரப் பயணம் – 4

செங்கல்பட்டில் ஏறிய பேருந்து திருக்கழுக்குன்றம் வழியாக வந்து மாமல்லபுரத்தில் இறக்கிவிட்டது. அங்கே வண்டி மாறி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே முட்டுக்காடு. தட்சிணசித்ரா போய்ச் சேரும்போது உச்சி வெயில்.

தென்னகத்துப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கும் இந்த இடம், கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் வடிவமைப்பில் 1996இல் திறக்கப்பட்டது. நேராகச் செட்டிநாட்டு வீட்டுக்குப் போனேன். திண்ணையில் ஓர் ஆச்சி பேத்தியோடு உட்கார்ந்திருந்தார். காரைக்குடிப் பக்கமாம்.

“எங்க வீட்டு வளவுல ஆத்தங்குடிக் கல்லு, தம்பி. சித்திரையிலகூட வெறுந்தரையில படுத்தாத்தான் தூக்கம்” என்றார். வளவு என்பது நடுமுற்றத்தைச் சுற்றி வீட்டார் கூடும் இடம்.

எனக்குக் கலிபோர்னியாவின் பாசடீனா நினைவுக்கு வந்தது. போன மார்கழியில் அங்கே தங்கிய பழைய வீட்டின் கூடத்தில் ஒரு கணப்பு. அதைச் சுற்றிலும் எர்னஸ்ட் பேட்செல்டர் பட்டறையின் சுடுமண் ஓடுகள். 1910 வாக்கில் வீட்டுக் கொல்லையில் சூளை போட்டுத் தொழிலைத் தொடங்கியவர் அவர். ஓர் ஓட்டில் மயில். தடவிப் பார்த்தேன், பளபளப்பு இல்லை, மண்பானையின் சொரசொரப்பு. தோகையின் பள்ளங்களில் மட்டும் வெளிர்நீலம் தங்கியிருந்தது. வண்ண மண்குழம்பைப் பூசி, மேடான இடங்களில் துடைத்துவிட்டுச் சுடுவது அவர் முறை. மாலையானால் வீட்டார் எல்லோரும் அந்த மயிலின் முன்னால்தான் கூடினார்கள்.

செட்டிநாட்டின் ஆத்தங்குடி ஊரில் செய்யும் தரைக்கல்லோ சூளையைக் காணாதது. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சு வைத்து, அதன் கட்டங்களில் சிறு கரண்டியால் வண்ணச் சிமெண்டை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றையொன்று லேசாகத் தொடும். மேலே மணலும் சிமெண்டும் தூவி, கலவை போட்டு மட்டம் செய்து, காய்ந்தபின் சில நாள் தண்ணீரில் ஊறவிடுவார்கள். கண்ணாடி கழன்றுவிடும், அதன் வழவழப்பு கல்லில் நின்றுவிடும். கைவேலை என்பதால் ஒரு பூவின் இதழ் அடுத்த பூவின் இதழ்போல அச்சாக இருக்காது. அந்தச் சிறு வித்தியாசத்தில்தான் தரைக்கு உயிர்.

அங்கே மார்கழி மாலைக் குளிரில் நெருப்பருகே கூடினார்கள். நம் ஊரில் குளிர்ந்த தரையில். வீட்டார் கூடும் இடத்தைத்தான் இரு ஊர்க்காரர்களும் அழகுபடுத்தினார்கள்.

இரண்டையும் ஒரே காலம் உலுக்கியது. பொருளாதாரப் பெருமந்தத்தில் 1932இல் பேட்செல்டர் பட்டறை மூடப்பட்டது. அதே மந்தம், ஆத்தங்குடிக் கல் பதித்து வீடு கட்டிய செட்டியார்கள் பர்மாவில் கொடுத்திருந்த கடன்களை முடக்கியது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்ததும், உயிரோடு ஊர் திரும்பினால் போதும் என்றாகிவிட்டது. ஆனால் ஆத்தங்குடியில் இன்றும் அந்தக் கரண்டிகள் ஓயவில்லை. யாராவது கேட்டுக்கொண்டிருக்கும்வரை ஓயா.

ஆச்சி பேத்தியின் கையைப் பிடித்து எழுந்தார். “மகன் மெட்ராஸ்ல வீடு கட்டுறான். பளிங்குதான் போடுவானாம். பூசை அறைக்காவது நம்ம கல்லு வேணும்னு சொல்லிட்டேன். ஒத்துக்கிட்டான்.”

அன்று நான் கேட்ட மிக நல்ல செய்தி அது.

(பயணம் தொடரும்)