சம்மனை ஒளித்து வைக்காதீர்கள்

பிள்ளைகளே, முன்சீப் கோர்ட்டில் எழுத்தராகச் சேர்ந்து, பல ஆண்டுகள் பெஞ்ச் கிளார்க்காக இருந்து, சார்பு நீதிமன்றத்தில் சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன் நான். வக்கீல் வைக்க வழியில்லாதவர்கள் எப்படித் தோற்றார்கள், எப்படி ஜெயித்தார்கள் என்பதை நீதிபதியின் மேடைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தவன். சாட்சி பிறழ்ந்து தோற்றவர்கள் உண்டு. சட்டமே எதிராக இருந்து தோற்றவர்களும் உண்டு. ஆனால் நான் பார்த்த ஏழைகளில் பெரும்பாலோர் தோற்றது, கூப்பிட்டபோது வராமல் போனதால்தான். டவாலி மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிடுவார். பதில் இருக்காது. வழக்குக் கட்டின் மேல் ‘எக்ஸ்பார்ட்டி’, அதாவது ஒருதலை என்று எழுதிவிட்டு அடுத்த கட்டை எடுப்போம். அந்த ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் வீடே போயிருக்கும்.

பூக்கட்டி விற்கும் ஓர் அம்மாளை உங்களுக்குச் சொல்ல வேண்டும். மகள் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கினார். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்டுப் புரோநோட்டு எழுதிக் கொடுத்தார். வாரா வாரம் கட்டிக் கடனை அடைத்தும்விட்டார். நோட்டை மட்டும் திருப்பி வாங்கவில்லை. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற கூச்சம். நோட்டுக்கு மூன்றாண்டு கெடு முடியச் சில நாள் இருக்கும்போது அவர்மேல் வழக்குப் போட்டார்கள். சம்மன் வந்தது. அதை வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார். அமீனா ஜப்தி உத்தரவோடு வாசலில் வந்து நின்ற பிறகுதான் அந்தக் காகிதம் வெளியே வந்தது.

அழுதுகொண்டு வந்தவரை எங்கள் வளாகத்திலேயே இருந்த வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு அனுப்பினோம். பெண்கள் வழக்கென்றால் வருமானக் கணக்கே பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12ஆம் பிரிவு. குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், பேரிடரில் சிக்கியவர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் இதே உரிமை உண்டு. மற்றவர்களுக்குத்தான் ஆண்டு வருமான வரம்பு. ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க 30 நாள் கெடு. அது தாண்டிவிட்டதால், தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு, தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி ஒரு மனு என்று போட்டார்கள். எதிர்த்தரப்புக்குச் செலவுத் தொகை கட்டச் சொல்லிவிட்டு நீதிபதி வழக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

விசாரணையன்று அந்த அம்மாள் மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். ஒவ்வொரு வாரமும் கொடுத்த தொகை, அதற்கு எதிரே கடன் கொடுத்தவரின் சுருக்கொப்பம். பூவின் ஈரம் பட்டுப் பல பக்கங்களில் மை பரவியிருந்தது. ஆனாலும் தேதியும் தொகையும் படிக்கும்படி இருந்தன. குறுக்கு விசாரணையில் அந்த ஒப்பத்தைத் தன்னுடையது இல்லை என்று சொல்லக் கடன் கொடுத்தவருக்கு வாய் வரவில்லை. வழக்கு தள்ளுபடியானது.

சம்மனைச் சாமியிடம் ஒப்படைத்துவிட்டுப் பேசாமல் இருந்தபோது அந்த அம்மாளிடம் இருந்தது பயம். பிறகு ஒரு வாய்தா தவறாமல் வந்து, விடியற்காலை வியாபாரத்தை முடித்துக்கொண்டு கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாரே, அதுதான் பொறுமை. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோல அமைதியாகத்தான் தெரியும். உங்கள் வயதிலேயே இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். சம்மன் வந்தால் 30 நாளுக்குள் பதிலுரை கொடுக்க வேண்டும்; நீதிமன்றம் நீட்டித்தாலும் 90 நாள்தான் கணக்கு. முதல் நாளே போய் நின்றவனுக்கு வழி பிறக்கும்.

அந்த அம்மாளுக்குக் கிடைத்த இலவச சட்ட உதவியும் சும்மா வந்துவிடவில்லை. 1970களின் தொடக்கத்தில் வி. ஆர். கிருஷ்ணய்யர், பி. என். பகவதி போன்ற நீதிபதிகள் இதற்காகக் குழுக்களில் உட்கார்ந்து எழுதினார்கள். 1976இல் 42ஆம் திருத்தத்தின் வழியே அரசியல் சட்டத்தில் 39ஏ பிரிவு சேர்ந்தது: பணமில்லாத குறையால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது. 1987இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வந்ததோ 1995 நவம்பர் 9ஆம் தேதி. ஏழைக்கான சட்டம்கூட வாய்தா வாங்கி வாங்கித்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது அந்த நீதிபதிகளின் உழைப்புக்கும் நாம் செய்யும் குறை.

வக்கீல் இல்லாமல் தானே நின்று பேசவும் சட்டம் இடம் தருகிறது. உரிமையியல் வழக்கில் கட்சிக்காரர் நேரில் தோன்றி வாதாடலாம். நுகர்வோர் ஆணையத்தில் அது இன்னும் எளிது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டப்படி, வாங்கிய பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் புகார்க் கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். எங்கள் தெருத் தையல்காரர் ஒருவர் அப்படித்தான் போனார். கடன் வாங்கி எடுத்த மோட்டார் மெஷின் உத்தரவாதக் காலத்திலேயே நின்றுபோனது, விற்றவர்கள் அலையவிட்டார்கள். அவர் எழுதிய முதல் மனு முழுக்க ஆத்திரம். அதைக் கிழித்துப் போடச் சொன்னேன். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தேதியை மட்டும் வரிசையாக எழுதச் சொன்னேன்: வாங்கிய நாள், நின்ற நாள், முதலில் சொன்ன நாள், ஆள் வந்து பார்த்த நாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு ரசீதோ குறுஞ்செய்தியோ. ஆணையத்தில் கேட்டதற்கெல்லாம் அந்தத் தாளைப் பார்த்தே பதில் சொன்னார். பணம் திரும்பி வந்தது. கோபம் நியாயமானதாக இருக்கலாம். கோர்ட்டில் அதற்கு எண் கொடுக்க மாட்டார்கள். தேதி போட்ட துண்டுச் சீட்டுக்குச் சான்றாவணம் என்று எண் கொடுப்பார்கள்.

மக்கள் நீதிமன்றம் என்ற லோக் அதாலத் பற்றியும் சொல்ல வேண்டும். அது நல்ல ஏற்பாடு. அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் சாக்கடைத் தகராறில் ஆண்டுக்கணக்காகப் பேசாமலிருந்து, ஒரே காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒன்றாகப் பஸ் ஏறியதைப் பார்த்திருக்கிறேன். கட்டணம் இல்லை, வழக்குக்குக் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே எழுதப்படும் முடிவு கோர்ட் தீர்ப்பைப் போலவே செல்லும். அதன்மேல் அப்பீல் இல்லை. இதை எளியவர்களுக்கு யாரும் அழுத்திச் சொல்வதில்லை. லாரி மோதிக் காலிழந்த ஓர் இளைஞனுக்குக் காப்பீட்டுத் தரப்பு ஒரு தொகை பேசியது. எல்லோரும் “வாங்கிக்கோப்பா” என்றார்கள். அவன் தாய் மட்டும், “செயற்கைக் கால் மாத்திக்கிட்டே இருக்கணுமாமே, அதுக்கு யாரு குடுப்பா?” என்று கேட்டார். பதில் சொல்ல ஆளில்லை. அவர் ஒப்பவில்லை, வழக்கு தீர்ப்பாயத்துக்கே திரும்பிப் போய்க் கூடுதலாகக் கிடைத்தது. இருவரும் ஒப்பினால்தான் அங்கே முடிவு. களைப்பில் போடும் கையெழுத்துச் சமாதானம் ஆகாது. படித்துக் காட்டச் சொல்லுங்கள். பிடிக்கவில்லையென்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கையெழுத்தில் இதே கவனம் வீட்டிலும் வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் செட்டில்மென்ட் பத்திரம் எழுதுகிறார்கள் என்றால் பக்கத்தில் இருங்கள். 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டப்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யலாம். கோட்டாட்சியரிடம் எழுதிக் கொடுத்தவரே மனுக் கொடுக்கலாம். முடியாதவர் சார்பில் பதிவு பெற்ற தன்னார்வ அமைப்பும் கொடுக்கலாம். அந்த நிபந்தனை வரி பத்திரத்தில் இல்லாமல் பிறகு அலைந்த பெரியவர்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும்.

இத்தனை வழிகள் இருந்தும் அந்தப் பூக்கார அம்மாள் சம்மனை ஒளித்து வைத்தாரே, ஏன்? அதில் எழுதியிருந்தது அவருக்கு விளங்கவில்லை. 1976 முதல் நம் மாநிலத்துக் கீழ்க் கோர்ட்டுகளில் தமிழிலேயே தீர்ப்பு எழுத வழி செய்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தமிழ் படித்தவனுக்கே மூச்சு வாங்க வைக்கும். அப்பீல் உயர் நீதிமன்றம் போனால் அந்தத் தமிழும் கிடையாது, எல்லாம் ஆங்கிலம். 2006இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் அங்கே தமிழ் ஏறவில்லை. அது பெரிய போராட்டம், உங்கள் தலைமுறைக்கும் தொடரும். சம்மனைத் திருத்துவதற்கு அத்தனை காலம் வேண்டியதில்லை. என்றைக்கு வர வேண்டும், வராவிட்டால் என்ன ஆகும், இலவச வக்கீலுக்கு 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம் என்ற மூன்று வரியைப் பெரிய எழுத்தில் அதன் தலைப்பிலேயே அச்சடித்தால் போதும். உங்களில் சிலர் நாளை வக்கீலாவீர்கள், சிலர் அதிகாரியாவீர்கள், ஒருவராவது நீதிபதி நாற்காலியில் உட்காருவார். அதுவரை காத்திருக்காமல், சட்டம் படிக்கும் பிள்ளைகள் இப்போதே சட்டத் தன்னார்வலர்களாகப் பேர் கொடுத்து, வாரத்தில் ஒரு காலை உங்கள் ஊர்க் கோர்ட் வாசலில் உட்காருங்கள். கையில் காகிதத்தோடு யாராவது தயங்கி நிற்பார்கள். வாங்கிப் படித்துச் சொல்லுங்கள்.